மூச்சை விட்டபடியே கோடு இழுத்தல்: கடலடி வரைபலகை ஒன்று செய்த பதிவு

ஸ்கூபா முக்குளிப்பில் முதல் நாளே சொல்லித்தரப்படும் விதி, நீருக்கடியில் ஒருபோதும் மூச்சைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது. வரைந்து பழகிய கைக்கோ, நுணுக்கமான கோடு ஒன்றை இழுக்கும்போது மூச்சு தானாகவே நின்றுவிடும். மும்பையில் சயான் கோலிவாடாவிலுள்ள எங்கள் குடியிருப்பின் வாசலில் அம்மாவோடு உட்கார்ந்து புள்ளிக்கோலம் போட்ட நாளிலிருந்தே, வளைவு பிசகாமல் இருக்க மூச்சை அடக்கிக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்பது, கடல் உயிர்களை நீருக்கடியிலேயே வரைவதற்காக ஒரு பலகை செய்து பழகத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. அந்தப் பலகையை எப்படிச் செய்தேன், எங்கெங்கே பிழை நேர்ந்தது, எப்படித் திருத்தினேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

வேலையைத் தொடங்கியது ஜூலை மாதத்தில். மும்பைக் கடல் ஓடைகளின் வண்டலாலும் அலைவேகத்தாலும் எப்போதும் கலங்கியே இருப்பதால், நானும் என் தங்கையும் முக்குளிப்பதற்குச் சிந்துதுர்க் மாவட்டத்திலுள்ள மால்வணுக்குத்தான் செல்கிறோம். 1987ஆம் ஆண்டில் கடல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதி அது. தாதரில் துதாரி எக்ஸ்பிரஸ் ஏறினால் குடாளில் இறங்கி, அங்கிருந்து சாலை வழியாக ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் போக வேண்டும். மழைக்காலத்தில் படகுகள் முக்குளிப்புக்குப் போவதில்லை. எனவே அந்த மாதங்களை நாங்கள் கருவிகளைச் சீர்படுத்தவும், கடல் வற்றும் நேரங்களில் ஹாஜி அலிப் பாறைகளில் குந்தியிருந்து கடற்சாமந்தியையும் துறவி நண்டையும் வரைந்து பழகவும் வைத்துக்கொள்கிறோம்.

நிழற்படக் கருவி இருக்கும்போது எதற்கு வரைய வேண்டும் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். மால்வண் நீரில் எங்களுக்கு வாய்த்த நல்ல நாட்களிலும் ஏழெட்டு மீட்டருக்கு மேல் தெளிவாகத் தெரிந்ததில்லை. அத்தகைய நீரில் கருவியின் ஒளி, மிதக்கும் துகள்கள் மீதெல்லாம் பட்டுத் திரும்பி, படம் முழுவதையும் வெள்ளைப் புள்ளிகளால் நிரப்பிவிடும். கண் அந்தத் துகள்களைத் தள்ளிவிட்டு மீனைப் பார்க்கும், பென்சிலும் அப்படியே. அது மட்டுமன்றி, ஒரு மீனின் முதுகுத்துடுப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை வரைந்தவர் மறப்பதில்லை என்பது என் நம்பிக்கை.

கடைகளில் கிடைக்கும் முக்குளிப்புப் பலகைகள் சைகைக்குப் பதிலாக நான்கு சொற்களை எழுதிக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. சிறியவை, வழவழப்பானவை, அளவுகோல் இல்லாதவை. எனக்கு வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகத்தின் அளவில், பென்சிலைப் பற்றிக்கொள்ளும் சொரசொரப்போடு, ஓரத்தில் சென்டிமீட்டர் கோடுகளோடு கூடிய பலகை. தாராவியின் 90 அடிச் சாலையில் பெயர்ப்பலகை செய்யும் திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம் போனேன்.

"எழுத்து ஒட்டணுமா, வெறுமன வெட்டினா போதுமா?" என்று கேட்டார்.

"வெட்டினாப் போதும் அண்ணாச்சி. வெள்ளை அக்ரிலிக், மூணு மில்லி. மினுமினுப்பு இல்லாம வேணும்."

"அது என்கிட்ட கிடையாதும்மா. இதை வாங்கிட்டுப் போய் நீங்கதான் தேய்ச்சுக்கணும்."

வெட்டி எஞ்சிய துண்டுகளிலிருந்து 21 செ.மீ. நீளமும் 14.8 செ.மீ. அகலமும் கொண்ட இரண்டு பலகைகளை அறுத்துக் கொடுத்தார். ஒன்று வீணானால் இன்னொன்று இருக்கட்டும் என்று அவரே சொன்னது பின்னால் உதவியது.

தேய்ப்பதற்கு 220 எண் நீர்த்தாளையும் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) பிறகு 400 எண் தாளையும் பயன்படுத்தினேன். தூள் மூக்கில் ஏறாமல் இருக்க, குளியலறையில் பலகையை நனைத்துக்கொண்டே தேய்த்தேன். முதலில் நீளவாக்கில் தேய்த்தது தவறு. நேர்கோட்டுக் கீறல்கள் விழுந்து, பென்சில் முனை அந்தக் கீறல்களின் வழியே ஓடத் தொடங்கியது. வளைவு ஒன்றை இழுத்தால் படிக்கட்டு போல உடைந்து வந்தது. மீண்டும் 220 எண் தாளை எடுத்து, இட்லி மாவு அரைக்கும் கல்லில் குழவி சுற்றுவதுபோல் சிறு சிறு வட்டங்களாகத் தேய்த்த பிறகுதான் எந்தத் திசையிலும் கோடு ஒரே மாதிரி விழுந்தது. இரண்டு மாலைப் பொழுதுகள் இதற்கே சென்றன. இந்தப் படியில் அவசரப்படுவோருக்குப் பலகை பயன்படாது என்பதை அழுத்திச் சொல்வேன். மற்ற எல்லாவற்றையும் பின்னால் திருத்தலாம், பரப்பு சரியில்லை என்றால் பத்து மீட்டர் ஆழத்தில் ஒன்றும் செய்ய இயலாது.

கயிறு கோர்க்கும் துளையை ஓரத்திலிருந்து 5 மி.மீ. தள்ளிப் போட்டபோது முதல் பலகை மூலையில் விரிசல் கண்டது. இரண்டாவது பலகையில் ஓரத்திலிருந்து 12 மி.மீ. உள்ளே குறித்து, மேலே ஒட்டுநாடா ஒட்டி, கீழே மரக்கட்டை வைத்து, துளையியை மெதுவாகச் சுழலவிட்டேன். விரிசல் இல்லாமல் இறங்கியது. மூலைகளை அரம் கொண்டு உருட்டினேன். கூரான மூலை, மிதவைச் சட்டையின் காற்றுப்பையை உராயும் என்பதால் இதை விட்டுவிடக் கூடாது.

பிறகு ஒரு நீள ஓரத்தில் எஃகு அளவுகோலை வைத்து, காம்பஸ் முனையால் சென்டிமீட்டர் கோடுகளைக் கீறி, அவற்றுள் கறுப்பு எண்ணெய் வண்ணத்தைத் தேய்த்து மேற்பரப்பைத் துடைத்துவிட்டேன். இந்த அளவுகோல் அலங்காரத்துக்காக அன்று. முகக்கண்ணாடிக்குள் இருக்கும் காற்றிலிருந்து நீரைப் பார்க்கும்போது ஒளி விலகுவதால், பொருள்கள் உள்ளதைவிடக் கால் பங்கு அருகிலும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தோன்றுகின்றன. கண்மதிப்பில் 20 செ.மீ. என்று எழுதிய மீன் உண்மையில் 15 செ.மீ. மட்டுமே இருக்கும். அளவுகோலும் அதே நீருக்குள், மீன் இருக்கும் தொலைவில் நீட்டிப் பிடிக்கப்பட்டால், இரண்டும் ஒரே அளவு பெரிதாகத் தெரியும், ஒப்பீடு தவறாது. உயிரைத் தொடாமல், அருகிலுள்ள கல் ஒன்றின் நேர்க்கோட்டில் பலகையை நிறுத்தி அளப்பது என் வழக்கம்.

பென்சில் தொல்லை தனிக்கதை. சாதாரண மரப்பென்சில் முதல் நாள் நன்றாகவே எழுதியது; ஊறிய மரம் பருத்து, நடுவிலுள்ள பசை விட்டு, இரண்டாம் நாள் இரண்டு பிளவாகிக் கையில் வந்தது. குச்சி தள்ளும் இயந்திரப் பென்சிலில் உள்ளே இருந்த சிறு சுருள்வில் துருவேறி நின்றுவிட்டது. கடைசியில் மரமே இல்லாத, முழுவதும் கிராஃபைட்டால் ஆன தடித்த பென்சிலை வாங்கினேன். 2பி தரம் என் பரப்புக்குப் பொருந்தியது. 6பி கை பட்ட இடமெல்லாம் கறையானது. அந்தப் பென்சிலின் பின்பகுதியை மருந்துக்கடையில் வாங்கிய ரப்பர்க் குழாய்க்குள் செருகி, குழாயின் மறுமுனையைப் பலகையின் துளையில் கட்டினேன். ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு வருவதற்கு முன் நான் கட்டியிருந்தது அறுபது சென்டிமீட்டர் நைலான் கயிறு. அதனால் நேர்ந்ததைப் பிறகு சொல்கிறேன்.

எடையையும் பார்க்க வேண்டியிருந்தது. அக்ரிலிக்கின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.18 கிராம், கடல்நீரின் அடர்த்தி 1.025. கோதுமை மாவு வைக்கும் நீள டப்பாவில் மூன்றரை லிட்டர் நீர் ஊற்றி, லிட்டருக்கு 35 கிராம் வீதம் உப்பைக் கரைத்து, சமையலறைத் தராசின் மேல் வைத்துச் சுழியாக்கிவிட்டு, பலகையை நூலில் கட்டி அடி தொடாமல் முழுக்க அமிழ்த்தினேன். தராசு 95 கிராம் காட்டியது. பலகை வெளியே 110 கிராம். அதாவது கடலுக்குள் அதன் சுமை 15 கிராம் மட்டுமே. அதையும் இல்லாமல் ஆக்கலாம் என்று ரப்பர்ச் செருப்பின் நுரைத்துண்டு ஒன்றைப் பின்புறம் ஒட்டினேன். டப்பாவில் பலகை அழகாக நடுநீரில் நின்றது. கடலில் பன்னிரண்டு மீட்டருக்குப் போனதும் மீண்டும் கீழே இழுத்தது. பத்து மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு என்பதால், நுரைக்குள் இருந்த காற்றுக் குமிழ்கள் நசுங்கிவிட்டன. நுரையைப் பிய்த்து எறிந்தேன். சற்றே கனமான பலகை, கையை விட்டால் மேலே பறக்காமல் கொக்கியில் தொங்கும். அதுவே நல்லது என்பது இப்போது என் முடிவு.

ஆகஸ்டில் செம்பூரில் ஒரு நீச்சல் குளத்தில், பயிற்றுநரின் முன்னிலையில் முழு உபகரணங்களோடு இறங்கிப் பலகையைச் சோதித்தேன். தரையிலிருந்து ஒரு முழம் மேலே அசையாமல் மிதந்தபடி ஐந்து புள்ளிக் கோலம் ஒன்றைப் போட முயன்றேன். ஒவ்வொரு வளைவுக்கும் உடல் மெல்ல மேலே ஏறியது. முதலில் எடைக் கச்சையைத்தான் சந்தேகித்தேன். பயிற்றுநர் என் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, குமிழ்கள் வரவில்லை என்று சைகை காட்டினார். நான் மூச்சை நிறைத்துப் பிடித்துக்கொண்டு கோடு இழுத்துக்கொண்டிருந்தேன்.

நுரையீரலில் கூடுதலாக நிற்கும் ஒவ்வொரு லிட்டர் காற்றும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத் தூக்கும். உடல் ஏற ஏற வெளி அழுத்தம் குறைந்து, அடைபட்ட அந்தக் காற்று விரிகிறது. வெளியேற வழி இல்லாவிட்டால் நுரையீரல் கிழிபடும். அழுத்த மாற்றம் மேற்பரப்பை ஒட்டிய சில மீட்டர்களில்தான் விகிதத்தில் மிக அதிகம் என்பதால், குளம் ஆழம் குறைந்தது என்பது பாதுகாப்பு ஆகாது. இதைத் தேர்வில் எழுதித் தேறியவள் நான். கை மட்டும் அதைப் படித்திருக்கவில்லை.

அதற்கடுத்த ஆறு வாரங்கள் வீட்டில் வேறு எதையும் வரையவில்லை. காலையில் வாசலில் கோலம் போடும்போது, மாவு விரலிலிருந்து இறங்கும் நேரம் முழுவதும் வாயால் மெல்ல ஊதிக்கொண்டே இருப்பது, மூச்சை உள்ளே இழுக்கும்போது கையை எடுத்துவிடுவது என்று பழகினேன். முதல் வாரம் கோடுகள் நடுங்கின. பிறகு ஒரு வெளிமூச்சின் நீளமே ஒரு கோட்டின் நீளம் என்று கை ஏற்றுக்கொண்டது. நீண்ட வளைவை இரண்டு மூன்று துண்டுகளாகப் போட்டுச் சேர்க்க வேண்டியிருக்கிறது. என் இன்றைய ஓவியங்களில் மீனின் முதுகுக்கோடு சிறு இடைவெளிகளோடு இருப்பதற்கு அதுவே காரணம், அவற்றை நான் பின்னர் நிரப்புவதும் இல்லை. குளத்தில் மறுபடி சோதித்தபோது, கோலம் முடியும் வரை குமிழ்கள் அறுபடவில்லை, உடலும் ஏறவில்லை.

நவம்பரில் மால்வணில் முதல் கடல் சோதனை. ஒன்பது மீட்டரில் மணல் திட்டு ஒன்றின் மேல் மிதந்துகொண்டு, வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்றின் கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டையை வரைந்துகொண்டிருந்தேன். பலகையைத் திருப்பியபோது அந்த அறுபது சென்டிமீட்டர் கயிறு காற்றழுத்தமானியின் குழாயைச் சுற்றிக்கொண்டது; அதை விடுவிக்க இழுத்தேன், இன்னும் இறுகியது. தங்கை அருகே வந்து, என் கையை அகற்றிவிட்டு, இரண்டே அசைவில் அவிழ்த்தாள். படகில் ஏறிய பிறகுதான் அவள் சொன்னாள்: "அக்கா, கயிறு சிக்கினது பெரிசில்ல. அதுக்கு முன்னாடி மூணு தடவை டார்ச்சை ஆட்டினேன், நீ நிமிர்ந்தே பாக்கல. எனக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை. முக்குளிப்பில் இணை என்பவர், என் காற்று தீர்ந்தால் தன் காற்றைத் தருபவர். நான் அவளுக்கு அப்படி இருந்திருக்கவில்லை.

மும்பை திரும்பியதும் பலகையை மாற்றி அமைத்தேன். நைலான் கயிற்றை நீக்கி, இருபத்தைந்து சென்டிமீட்டர் ரப்பர்க் குழாயைக் கட்டியது அப்போதுதான். எழுதும்போது நீளும், விட்டால் பலகையோடு ஒட்டிச் சுருங்கும், எதையும் சுற்றாது. அதைவிட முக்கியமான மாற்றம், இடப்பக்கம் மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பத்தியைக் கீறிப் பிரித்ததாகும். அதில் நான்கு சிறு கட்டங்கள் கொண்ட வரிசைகள்: நேரம், காற்றழுத்தம், ஆழம், நான்காவதாகத் 'த' என்னும் எழுத்து. த என்றால் தங்கை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை முதல் மூன்றையும் எழுதிவிட்டு, நிமிர்ந்து அவளைப் பார்த்து, விரல்களை வளைத்து அவள் 'சரி' காட்டிய பிறகே நான்காம் கட்டத்தில் குறியிடுவேன். அந்தக் குறி விழாமல் அடுத்த கோடு கிடையாது.

இந்தப் பத்தி வேறொன்றையும் கற்றுத்தந்தது. எங்கள் பதினோரு லிட்டர் உருளையில், பத்து மீட்டர் ஆழத்தில், அமைதியாக இருக்கும்போது ஐந்து நிமிடத்துக்கு எனக்குப் பதினாறு பார் (உருளைக்குள் இருக்கும் காற்றழுத்தத்தின் அலகு) அளவு காற்று செலவாகிறது. இரண்டு வரிசைகளுக்கிடையே இருபதுக்கு மேல் இறங்கியிருந்தால் நான் பதற்றமாக இருக்கிறேன், அல்லது நீரோட்டத்தோடு போராடுகிறேன் என்று பொருள். அப்போது பலகையைக் கொக்கியில் மாட்டிவிடுவேன். நூறு பாரில் வரைவது முடிந்தது. ஐந்து மீட்டரில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்தையும் முடித்துவிட்டு, ஐம்பது பார் மீதமிருக்கப் படகில் இருக்க வேண்டும். ஏறும் வேகம் நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மிகாமல் இருக்கிறதா என்று முக்குளிப்புக் கணினியைப் பார்க்க இரண்டு கண்களும் வேண்டும் என்பதால், ஏற்றத்தின்போது பலகையைத் தொடுவதில்லை.

ஜனவரியில் இரண்டாம் பயணம். மூன்றாம் முறை இறங்கியபோது பாறை ஒன்றின் நிழலில் ஓட்டுக்கணவாய் ஒன்று நின்றிருந்தது. கணவாய்க்குப் பத்து உறுப்புகள், எட்டுக் கைகளும் இரை பிடிக்கும் இரண்டு நீண்ட உணர்கொம்புகளும், என்று எனக்கு முன்பே தெரியும். முதலில் வரைந்த படத்தில் பத்தையும் போட்டிருந்தேன். நேரத்தைக் குறிக்க நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது எட்டைத்தான் எண்ண முடிந்தது. அந்த இரண்டும் கண்களுக்குக் கீழேயுள்ள பைகளுக்குள் மடங்கி இருந்தன. கை, கண்ணால் கண்டதை விட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்ததை வரைந்திருந்தது. இரண்டையும் கட்டைவிரலால் தேய்த்து அழித்தேன். உடலைச் சுற்றி ஓடும் துடுப்பின் அலை முன்னிருந்து பின்னுக்குச் செல்வதை ஐந்து சிறு அம்புக்குறிகளால் காட்டினேன்; கண்மணி ஆங்கில டபிள்யூ எழுத்தின் வடிவில் மடங்கியிருந்ததைத் தனியே பெரிதாக வரைந்தேன். தோலின் வரிகள் நான் ஒரு கோடு போடுவதற்குள் மாறிக்கொண்டிருந்ததால் அவற்றை விட்டுவிட்டேன். நான்கு வரிசைகள் நிரம்பின. நான்கிலும் 'த' கட்டத்தில் குறி இருந்தது.

நிறத்துக்கு எழுத்துக் குறிகளை வைத்திருக்கிறேன்: 'செ' சிவப்பு, 'ம' மஞ்சள், 'ப' பழுப்பு. நீர் முதலில் விழுங்குவது சிவப்பை என்பதால், ஐந்தாறு மீட்டருக்குக் கீழே சிவப்பு மீன் மங்கிய பழுப்பாகவே தெரியும். டார்ச்சின் ஒளியில் பார்த்து உறுதி செய்த நிறத்துக்கு மட்டும் கீழே ஒரு கோடு இடுவேன். கோடு இல்லாத எழுத்தை வீட்டில் வண்ணமாக மாற்றுவதில்லை; அந்த இடம் பென்சில் நிழலாகவே நிற்கும். பல ஓவியங்களில் பாதி மீன் நிறமின்றி இருப்பதைப் பார்த்து முடிக்கவில்லையா என்று கேட்கிறார்கள். பார்த்த அளவுக்கு முடிந்துவிட்டது.

கரைக்கு வந்ததும் பலகையை நன்னீரில் மெல்ல அலசி, நிழலில் உலர்த்தி, கைப்பேசியில் படம் எடுத்து, அதன்மேல் மெல்லிய படியெடுப்புத் தாளை வைத்து அன்றிரவே நகல் எடுக்கிறேன். ஒரு முறை ரயிலில் பையின் உராய்வில் இரண்டு படங்கள் அழிந்துபோயின. கடலிலிருந்து கொண்டு வருவது இந்தப் பலகை மட்டுமே. பவளத் துண்டையோ கடல் குதிரையையோ எடுப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அட்டவணையில் அவை 2001இல் சேர்க்கப்பட்டன. சட்டம் இல்லாவிட்டாலும் எனக்கு அவை தேவைப்பட்டிருக்காது.

நகல் எடுத்த பிறகு பல்பசையும் பாத்திரம் தேய்க்கும் நாரும் கொண்டு துடைத்தால் கிராஃபைட் போய்விடுகிறது. கீறிய அளவுகோலும் பத்தியும் நிற்கின்றன. ஏழெட்டு முறை துடைத்த பிறகு பரப்பு வழவழப்பாகிவிடுவதால் 400 எண் தாளால் மீண்டும் ஒரு முறை தேய்க்க வேண்டும். முதலில் மாட்டியிருந்த எஃகுக் கொக்கி மூன்றாம் பயணத்துக்குள் துருப்புள்ளி கண்டது. மும்பையின் லோஹார் சால் கடைத்தெருவில் பித்தளைக் கொக்கி வாங்கி மாற்றினேன். ரப்பர்க் குழாய் வெயில் பட்டால் வெடிப்பதால் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் புதிதாகக் கட்டுகிறேன்.

மூலையில் விரிசல் கண்ட முதல் பலகையைத் தூக்கி எறியவில்லை. விரிசல் பட்ட பகுதியை அறுத்துவிட்டு, இந்த மழைக்காலத்தில் தங்கைக்காகத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் இடக்கைக்காரி, ஆகவே துளை இடப்பக்க மூலையிலும், நான்கு கட்டப் பத்தி வலப்பக்கத்திலும் வருகின்றன. நான்காம் கட்டத்தில் 'அ' என்று கீற வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.